ஐ.எஸ். வீழ்ச்சி: யார் கணக்கில் எத்தனை சதவீதம்?

2014 ஆகஸ்ட் 8 அன்று, வடக்கு ஈராக்கின் எர்பில் நகருக்கு அருகே ஐ.எஸ். அமைப்பின் பீரங்கி ஒன்றின்மீது அமெரிக்கப் போர் விமானங்கள் முதல் குண்டுகளை வீசின. 2019 மார்ச் 23 அன்று, சிரியாவின் கிழக்கு எல்லையில் யூப்ரடீஸ் கரையிலுள்ள பாகூஸ் என்ற சிற்றூரில் அந்த அமைப்பின் கடைசித் துண்டு நிலமும் கைவிட்டுப்போனது. இடைப்பட்டவை 1,688 நாட்கள். அவற்றில் 896 நாட்கள் பராக் ஒபாமா அதிபராக இருந்தவை, 792 நாட்கள் டொனால்ட் டிரம்ப் அதிபராக இருந்தவை. வெறும் நாள் கணக்கில் 53.1 சதவீதத்துக்கு 46.9 சதவீதம். ஐ.எஸ்.ஸை ஒழித்தது தானே என்று டிரம்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பே வகுத்த திட்டம்தான் அவர் காலத்தில் பலன் தந்தது என்பது ஒபாமா தரப்பின் பதில். இருவரும் எண்களைக் காட்டியே பேசுகிறார்கள். அந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் என்ன கிடைக்கிறது?

முதலில் நிலம். ஐ.எஸ். எதிர்ப்புக் கூட்டணிக்கான அமெரிக்க அதிபரின் சிறப்புத் தூதர் பிரெட் மக்கர்க் 2017 ஆகஸ்ட் 4 அன்று தந்த கணக்கின்படி, அதுவரை மீட்கப்பட்ட நிலம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் கடைசி ஆறு மாதங்களில் மீட்கப்பட்டது. அப்படியானால் ஒபாமாவின் 896 நாட்களுக்கு 50,000 சதுர கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 56. டிரம்பின் முதல் 196 நாட்களுக்கு 20,000, அதாவது நாளொன்றுக்கு 102. வேகம் 1.8 மடங்காகியிருக்கிறது. போர் முடிந்ததும் கூட்டணி வெளியிட்ட மொத்தக் கணக்கு ஏறத்தாழ 1,10,000 சதுர கிலோமீட்டர். இரண்டும் ஒரே அளவுகோலில் அளந்தவை என்று வைத்துக்கொண்டால் ஒபாமாவுக்கு 45.5 சதவீதம், டிரம்புக்கு 54.5 சதவீதம்.

ஐ.எச்.எஸ். என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி. ஐ.எஸ். கையிலிருந்த நிலப்பரப்பு 2015 ஜனவரியில் 90,800 சதுர கிலோமீட்டர், 2016 தொடக்கத்தில் 78,000, 2017 தொடக்கத்தில் 60,400, 2017 ஜூனில் 36,200. ஒபாமாவின் கடைசி 24 மாதங்களில் குறைந்தது 30,400 சதுர கிலோமீட்டர், மாதத்துக்கு 1,267. டிரம்பின் முதல் ஆறு மாதங்களுக்குள் குறைந்தது 24,200, மாதத்துக்கு 4,000-க்கும் மேல். வேகம் மூன்று மடங்குக்கு மேல். இந்தப் பேரேட்டின்படி, 2015 ஜனவரி அளவில் 66.5 சதவீதம் நிலம் டிரம்ப் பதவியேற்ற நாளிலும் ஐ.எஸ். கையிலேயே இருந்தது. ஒரே போர், ஒரே காலம். ஆனால் ஒரு பேரேட்டில் ஒபாமாவின் பங்கு ஏறக்குறைய பாதி, மற்றொன்றில் மூன்றில் ஒன்று.

இந்த வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். கூட்டணி எண்ணுவது தன் துணைப்படைகள் மீட்ட நிலத்தை. ஐ.எச்.எஸ். எண்ணுவது ஐ.எஸ். இழந்த நிலத்தை, அதை எடுத்தவர் யாராக இருந்தாலும். 2017-இல் மத்திய சிரியப் பாலைவனத்தில் முன்னேறியது சிரிய அரசுப் படை. அதற்கு வானிலிருந்து துணை நின்றது ரஷ்யா. பல்மைரா 2016 மார்ச்சில் அவர்கள் கைக்கு வந்தது, டிசம்பரில் பறிபோனது, 2017 மார்ச்சில் மறுபடி வந்தது. டெய்ர் எஸ்-ஸோர் நகரின் முற்றுகையை 2017 செப்டம்பர் 5 அன்று உடைத்ததும் நவம்பர் 3 அன்று நகரைப் பிடித்ததும் அவர்களே. அந்தச் சதுர கிலோமீட்டர்களை வாஷிங்டனில் யார் பேரிலும் வரவு வைக்க முடியாது. இரண்டாவது காரணம் பாலைவனமே. ஆளற்ற மணல்வெளியும் மக்கள் நெருக்கமான மோசுல் தெருவும் இந்தக் கணக்கில் ஒரே எடை பெறுகின்றன.

ஆகவே மோசுலைத் தனியாகப் பார்ப்பது நல்லது. அந்நகரை மீட்கும் போர் 2016 அக்டோபர் 17 அன்று தொடங்கியது. வெற்றியை ஈராக்கியப் பிரதமர் ஹைதர் அல்-அபாதி 2017 ஜூலை 10 அன்று அறிவித்தார். மொத்தம் 266 நாட்கள். முதல் 95 நாட்கள் ஒபாமாவுடையவை, அடுத்த 171 நாட்கள் டிரம்புடையவை. டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரை முழுவதும் மீட்கப்பட்டதாக அபாதி அறிவித்தது 2017 ஜனவரி 24 அன்று, அதாவது அமெரிக்காவில் அதிபர் மாறி நான்கே நாட்கள் கழித்து. நாள் விகிதத்தில் 36 சதவீதத்துக்கு 64 சதவீதம். ஆனால் போரைத் தொடங்கும் முடிவு, படைகளை அணிதிரட்டிய மாதங்கள், அதற்கு முன் மோசுலுக்குப் போகும் வழியைத் திறந்துவிட்ட வெற்றிகள் எல்லாம் 2017-க்கு முந்தியவை. திக்ரித் 2015 மார்ச் இறுதியில் மீண்டது. ரமாதி 2015 மே மாதத்தில் பறிபோய் டிசம்பரில் மீண்டது. ஃபலூஜா 2016 ஜூனில் மீண்டது. இவற்றை விட்டுவிட்டு மோசுலுக்குப் போயிருக்க முடியாது. மறுபுறம், நெருக்கமான பழைய நகரம் மேற்குக் கரையில் இருந்தது. கடுமையான சண்டை நடந்ததும் அங்கேதான், அது நடந்ததும் 2017-இல்தான்.

அடுத்தது குண்டுகள். இந்தப் போரில் தன் கட்டுப்பாட்டிலிருந்த விமானங்கள் வீசிய குண்டுகள், ஏவுகணைகளின் எண்ணிக்கையை அமெரிக்க விமானப்படையின் மத்தியக் கட்டளைப் பிரிவு வெளியிட்டுவந்தது. 2014-இல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 6,292. 2015-இல் 28,696. 2016-இல் 30,743. 2017-இல் 39,577. 2018-இல் 8,713. நாளொன்றுக்கு முறையே 43, 79, 84, 108, 24. 2016-ஐவிட 2017-இல் 28.7 சதவீதம் அதிகம். அதிபர் மாறியதும் கை அவிழ்த்துவிடப்பட்டது என்று சொல்பவர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் நாள் சராசரியில் 2014-இலிருந்து 2015-க்கு ஏற்பட்ட உயர்வு 82 சதவீதம். 2017 ஜனவரியின் முதல் 20 நாட்களையும் டிரம்பின் பேரிலேயே எழுதினாலும், 2018 வரை வீசப்பட்ட 1,14,021-இல் 65,731, அதாவது 57.6 சதவீதம், ஒபாமா காலத்துக்கு உரியது.

இந்தக் குண்டுக் கணக்கைக் கூட்டணியின் நிலக் கணக்கோடு சேர்த்து வகுத்தால் இன்னொரு விகிதம் வருகிறது. ஒபாமா காலத்தில் சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு 1.3 குண்டு, டிரம்ப் காலத்தில் 0.8. பின்னவர் சிக்கனமாகப் போர் நடத்தினார் என்று இதைப் படிப்பது அவசரம். பலவீனமடைந்துவிட்ட எதிரி பின்வாங்கும்போது நிலம் மலிவாகவே கிடைக்கும். 2017-இன் கடைசி மாதங்களில் ஹவிஜா, அல்-காயிம், ராவா ஆகிய மூன்றும் அக்டோபர் 5-க்கும் நவம்பர் 17-க்கும் இடையே, ஆறு வாரங்களில் விழுந்தன. ரமாதி என்ற ஒரே நகரை மீட்க 2015-இல் ஏழு மாதங்கள் பிடித்தன.

மேலிருந்து வந்த முடிவுகளில் உண்மையில் என்ன மாறியது? ஒபாமா பதவி விலகும்போது ஈராக்கில் அமெரிக்கப் படைக்கான உச்சவரம்பு 5,262 பேர், சிரியாவில் 503 பேர். 2017 டிசம்பரில் பென்டகன் ஒப்புக்கொண்ட எண்கள் ஈராக்கில் சுமார் 5,200, சிரியாவில் சுமார் 2,000. ஈராக்கில் மாற்றம் இல்லை, சிரியாவில் நான்கு மடங்கு. (முந்தைய வரம்புகள் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர்களைச் சேர்க்காதவை என்பதால் உண்மையான உயர்வு நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம்.) வான்தாக்குதலுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கீழ்நிலைத் தளபதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது டிரம்பின் சாதனையாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் மோசுல் களத்தில் அந்த அதிகாரத்தைப் பரவலாக்கிக் கூட்டணியின் களத் தளபதி ஸ்டீபன் டவுன்செண்ட் உத்தரவிட்டது 2016 டிசம்பரில். டிரம்ப் பதவியேற்க அப்போது இன்னும் சில வாரங்கள் இருந்தன. டிரம்பின் தனி முடிவு என்று ஐயமின்றிச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சிரியக் குர்து படையான ஒய்.பி.ஜி.க்கு நேரடியாக ஆயுதம் வழங்க அவர் இசைந்ததை 2017 மே 9 அன்று பென்டகன் அறிவித்தது. துருக்கி கடுமையாக எதிர்த்த முடிவு அது. ஒபாமாவின் கடைசி நாட்களிலும் அதே கோப்பு மேசையில் இருந்தது, அவர் முடிவெடுக்காமல் விட்டுப்போனார். சிரியாவின் ரக்கா நகர்மீது அந்தப் படை முன்னின்ற தாக்குதல் 28 நாட்கள் கழித்து, ஜூன் 6 அன்று தொடங்கியது. இந்த வரவை டிரம்பின் பேரில் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

ஆட்களைப் பார்த்தாலும் தொடர்ச்சியே தெரிகிறது. மத்தியக் கட்டளைத் தளபதி ஜோசப் வோட்டல் 2016 முதல் 2019 வரை, தூதர் மக்கர்க் 2015 முதல் 2018 வரை, களத் தளபதி டவுன்செண்ட் 2016 ஆகஸ்ட் முதல் 2017 செப்டம்பர் வரை பொறுப்பில் இருந்தார்கள். போரை நடத்திய முக்கியமான மூன்று பதவிகளில் மூன்றிலும், அதிபர் மாறியபோது ஆள் மாறவில்லை.

இனி உயிர்கள். 2019 மார்ச் வரை இந்தப் போரில் எதிரியின் தாக்குதலில் இறந்த அமெரிக்கப் படையினர் 30 பேருக்கும் குறைவு. சிரிய ஜனநாயகப் படை (எஸ்.டி.எஃப்.) தன் பக்கம் 11,000 பேர் இறந்ததாகவும் 21,000 பேர் காயமடைந்ததாகவும் அறிவித்தது. ஓர் அமெரிக்க வீரருக்குக் குறைந்தது 366 குர்து, அரபுப் போராளிகள். மோசுல் போரின் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் 774 ஈராக்கியப் படையினர் இறந்து 4,600 பேர் காயமடைந்தார்கள் என்று வோட்டல் 2017 மார்ச் 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். சண்டையின் முனையில் நின்ற ஈராக்கின் பயங்கரவாத எதிர்ப்புப் படை மோசுலில் தன் பலத்தில் 40 சதவீதத்தை இழந்தது என்கிறது பென்டகனின் வரவுசெலவு ஆவணம். அமெரிக்க அதிபர்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று வாஷிங்டனில் நடக்கும் வாதத்தில் இந்த 40 சதவீதம் அபூர்வமாகவே எட்டிப்பார்க்கிறது. உயிரைக் கொண்டு கணக்கிட்டால் முதலிரண்டு இடங்களும் பாக்தாத்துக்கும் எஸ்.டி.எஃப். படைக்குமே.

பணத்தில் நிலைமை தலைகீழ். 2014 ஆகஸ்ட் 8 முதல் 2017 ஜூன் 30 வரையிலான 1,058 நாட்களில் இந்தப் போருக்கு அமெரிக்கா செலவிட்டது 1,430 கோடி டாலர், நாளொன்றுக்குச் சுமார் 1.35 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் மொத்தம் ஏறக்குறைய 92,000 கோடி ரூபாய். ஏறத்தாழ அதே தேதி வரை மீட்கப்பட்ட 70,000 சதுர கிலோமீட்டரால் வகுத்தால், சதுர கிலோமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 2 லட்சம் டாலர். ஈராக் தன் கருவூலத்திலிருந்து கொட்டியதும் ஈரான் செலவிட்டதும் இதில் சேரவில்லை. 1,058 நாட்களில் 896 நாட்கள் ஒபாமாவுடையவை. நாட்களின்படி பிரித்தால் செலவில் 85 சதவீதம் அவர் காலத்துக்குப் போகும்.

ஆனால் வரவுக்குப் பேரேடு திறந்தவர்கள் பற்றுக்கும் திறக்க வேண்டும். மோசுல் ஐ.எஸ். கையில் விழுந்தது 2014 ஜூன் 10 அன்று. அப்போது அதிபர் ஒபாமா. முதல் வான்தாக்குதல் அதற்கு 59 நாட்கள் கழித்தே நடந்தது. தாக்கியவர்கள் தொடக்கத்தில் 1,500 பேர் அளவே என்பது பரவலான மதிப்பீடு. நகரைக் காக்கத் தாளில் இருந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. 2003 படையெடுப்புக்குப் பின் ஈராக்கியப் படைகளைக் கட்டமைக்க அமெரிக்கா செலவிட்டது சுமார் 2,500 கோடி டாலர். ஐ.எஸ்.ஸுக்கு எதிரான முதல் 1,058 நாட்களின் செலவைப்போல அது 1.7 மடங்கு. அந்தப் பணத்தில் உருவான படையிடமிருந்து மோசுலில் பறிபோன ஹம்வீ கவச வண்டிகள் மட்டும் 2,300 என்று அபாதியே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஒரு சிறு கணக்கு இங்கே பெரிய விஷயத்தைக் காட்டுகிறது. 2014 நவம்பர் 30 அன்று, பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத அபாதி ஈராக் நாடாளுமன்றத்தில் ஓர் எண்ணைச் சொன்னார். நான்கு படைப்பிரிவுகளில் மட்டும் 50,000 சிப்பாய்கள் பெயரளவில் இருந்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கும், மாதாமாதம் சம்பளம் வழங்கப்படும், முகாமில் ஆள் இருக்கமாட்டார். சம்பளம் முழுவதுமாகவோ பாதியாகவோ மேலதிகாரியின் பைக்குப் போகும். தொடக்கநிலைச் சிப்பாயின் மாதச் சம்பளம் சுமார் 600 டாலர் என்று வைத்தால், மாதம் 3 கோடி டாலர், ஆண்டுக்கு 36 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 2,200 கோடி ரூபாய் அளவு. மோசுல் விழுந்ததற்கு அமெரிக்க அதிபரைக் குறைசொல்லும் எவரும் இந்த 50,000 பெயரையும் எழுதியாக வேண்டும். அவை அபாதிக்கு முன் பிரதமராக இருந்த நூரி அல்-மாலிகியின் எட்டாண்டு ஆட்சியின் பற்று.

அமெரிக்கப் படை 2011 டிசம்பர் 18 அன்று ஈராக்கைவிட்டு வெளியேறியதும் இதே பற்றுப் பக்கத்தில் வருகிறது. 2007-இல் சுமார் 1,70,000 பேர் வரை இருந்த படை அது. வெளியேறச் செய்தது ஒபாமா. ஆனால் 2011 டிசம்பர் 31-ஐக் கடைசி நாளாக நிர்ணயித்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2008-இல், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில். ஒரு படையை மிச்சம் வைக்க 2011-இல் நடந்த பேச்சு, சட்டப் பாதுகாப்பு தர ஈராக் நாடாளுமன்றம் தயங்கியதால் முறிந்தது. இந்தப் பற்றை யார் பேரில் எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான விடை இல்லை. ஒருவர் பேரில் முழுதாக எழுத முடியாது என்பதில் மட்டும் உறுதி உண்டு.

2017-இன் வேகத்துக்கும் விலை உண்டு. மோசுல் போரில் இறந்த பொதுமக்கள் 9,000 முதல் 11,000 பேர் என்பது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் குறைந்தது 3,200 பேர் இறந்தது கூட்டணியும் ஈராக்கியப் படையும் நடத்திய வான்தாக்குதல்களிலும் பீரங்கித் தாக்குதல்களிலும். 2017 மார்ச் 17 அன்று மேற்கு மோசுலின் அல்-ஜதீதா பகுதியில் ஒரு வீட்டில் நின்று சுட்டுக்கொண்டிருந்த இரண்டு ஐ.எஸ். ஆட்களைக் குறிவைத்து 227 கிலோ எடையுள்ள ஒரே ஒரு குண்டு வீசப்பட்டது. அதே கட்டடத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அடைக்கலம் புகுந்திருந்தன. பென்டகனின் சொந்த விசாரணைப்படியே 105 பொதுமக்கள் இறந்தார்கள். ஐ.எஸ். அங்கே வெடிபொருள் பதுக்கியிருந்ததால்தான் கட்டடம் முழுவதும் இடிந்தது என்றது பென்டகன். அங்கிருந்தவர்கள் அதை மறுத்தார்கள். போர் முழுவதிலும் கூட்டணி ஒப்புக்கொண்ட பொதுமக்கள் சாவுகள் 1,400-க்குச் சற்று மேல். அதில் ஏழு சதவீதத்துக்கும் அதிகம் இந்த ஒரு குண்டுக்கு உரியது.

ரக்காவின் எண்கள் இன்னும் கனமானவை. 2017 ஜூன் 6 முதல் அக்டோபர் 17 வரை 133 நாட்கள். அமெரிக்கப் படை அங்கே சுட்ட பீரங்கிக் குண்டுகள் 30,000, சராசரியாக ஆறு நிமிடங்களுக்கு ஒன்று. அங்கே 1,600-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள் என்று ஆம்னஸ்டி, ஏர்வார்ஸ் ஆகிய இரு அமைப்புகளும் 2019 ஏப்ரலில் அறிவித்தன. அப்போது கூட்டணி ஒப்புக்கொண்டிருந்தது 159 பேர், அதாவது பத்தில் ஒரு பங்கு. ரக்காவை வரவில் எழுதும் கை அந்த 1,600-ஐயும் எழுத வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்தப் பேரேட்டில் இரண்டு வரிகள் உண்டு. திக்ரித்தில் சிக்கி, மோசுலுக்குக் கொண்டுபோகப்பட்ட 46 செவிலியர், பெரும்பாலோர் கேரளத்தவர், 2014 ஜூலை 5 அன்று கொச்சி வந்திறங்கினார்கள். அதே ஜூனில் மோசுலில் கடத்தப்பட்ட 39 தொழிலாளர்கள் திரும்பவில்லை. அவர்கள் கொல்லப்பட்டதை வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் அறிவித்தது 2018 மார்ச் 20 அன்று. 46 பேர் திரும்பியதற்குப் பங்கு கேட்ட தலைவர்கள் டெல்லியிலும் திருவனந்தபுரத்திலும் இருந்தார்கள். 39 பேருக்குப் பங்கு கேட்டு யாரும் முன்வரவில்லை.

வெளிநாட்டுப் போரின் வெற்றியை வாக்காளர் எப்படி மதிக்கிறார் என்பதற்குப் பழைய கணக்குகள் உண்டு. 1991 வளைகுடாப் போர் 43 நாட்களில் முடிந்தது. தரைப்போர் 100 மணி நேரம்தான். சுமார் 6,100 கோடி டாலர் செலவில் ஏறக்குறைய 88 சதவீதத்தை சவுதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் கட்டின. போர் முடிந்த வாரத்தில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் செயல்பாட்டை ஏற்றவர்கள் கேலப் கணிப்பில் 89 சதவீதம். 1992 கோடையில் அது 29 சதவீதம். அந்த ஜூனில் அமெரிக்காவின் வேலையின்மை 7.8 சதவீதம். நவம்பர் தேர்தலில் அவர் பெற்ற வாக்கு 37.4 சதவீதம். இன்னொன்று, அந்தப் போரில் பாக்தாத் வானில் பேர்வாங்கிய எஃப்-117 விமானத்துக்கு ஒப்பந்தம் போடப்பட்டது 1978-இல், ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில். பலவீனமான அதிபர் என்று பேரெடுத்து 1980-இல் தோற்றவர் அவர்.

பிரிட்டன் நடத்திய ஃபாக்லாந்து போர் 74 நாட்கள் நீடித்தது. பிரிட்டன் பக்கம் 255 பேர் இறந்தார்கள். அந்த வெற்றியே 1983 தேர்தலை மார்கரெட் தாட்சருக்கு வென்று கொடுத்தது என்பது வழக்கமான பேச்சு. அவரது கட்சியின் இடங்கள் 339-இலிருந்து 397 ஆகின. வாக்கு விகிதமோ 43.9-இலிருந்து 42.4 சதவீதமாகக் குறைந்தது. எதிர்க்கட்சி வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. 58 இடங்கள் கூடியதை விளக்க அந்தப் பிரிவு ஒன்றே பெருமளவு போதும்.

மறுபடி சிரியாவுக்கு வருவோம். 2018 டிசம்பர் 19 அன்று, ஐ.எஸ்.ஸைத் தோற்கடித்துவிட்டதால் படைகள் திரும்பும் என்று டிரம்ப் அறிவித்தார். மறுநாள் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் மாட்டிஸ் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். சில நாட்களில் மக்கர்க்கும் விலகினார். பாகூஸ் விழ அதற்குப் பிறகும் 94 நாட்கள் பிடித்தன. அந்தச் சிற்றூரைச் சுற்றிய பகுதியிலிருந்து வெளியே வந்தவர்கள் 60,000-க்கும் மேல். யாரும் அவ்வளவு பேரை எதிர்பார்க்கவில்லை. வடகிழக்குச் சிரியாவின் அல்-ஹோல் முகாமில் 2018 டிசம்பரில் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் 73,000 பேர்.

என் மதிப்பீட்டில், 2014–16-இல் கூட்டணியைக் கட்டியதும் மோசுல் வரை போரைக் கொண்டுவந்ததும் ஒபாமாவின் வரவு. 2017 மே மாதத்துக் குர்து ஆயுத முடிவும் அந்த ஆண்டின் வேகத்தில் ஒரு பகுதியும் டிரம்பின் வரவு. எவ்வளவு பெரிய பகுதி என்பதை நாள், நிலம், குண்டு எதைக் கொண்டும் தனியே பிரிக்க முடியவில்லை. இவர்கள் இருவரின் பங்கையும் கூட்டினாலும் ஈராக்கியப் படையும் எஸ்.டி.எஃப். படையும் கொடுத்ததற்கு ஈடாகாது.

2014 செப்டம்பரில் ஐ.எஸ். அமைப்பின் ஆள்பலம் 20,000 முதல் 31,500 வரை என்று சி.ஐ.ஏ. மதிப்பிட்டது. 2019 ஆகஸ்டில், பாகூஸ் விழுந்து ஐந்து மாதங்களுக்குப் பிறகு, பென்டகன் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியின் அறிக்கை ஈராக்கிலும் சிரியாவிலும் இன்னும் இருப்பவர்கள் 14,000 முதல் 18,000 வரை என்றது. நிலம் 100 சதவீதம் பறிபோன நிலையில், இந்த இரு மதிப்பீடுகளின்படி ஆள்பலத்தில் குறைவு 30 முதல் 43 சதவீதம்.